ஐம்பது வயதில் அம்மை ஊசி

அண்ணன் குணசீலனின் உடலெங்கும் வெடித்த கொப்புளங்களைப் பார்த்துத்தான் பொன்மலர் தோல் நோய் ஆராய்ச்சிக்கு வந்தாள். சொந்தத் தோலையே பகையாக நினைத்துத் தாக்கிய அவருடைய எதிர்ப்புச் சக்தியை, கடைசியில் தான் கண்டுபிடித்த சிகிச்சையால் எல்லாவற்றையும் மறக்கவைத்தாள். தோல் முழுவதும் ஆறிவிட்டது. ஆனால் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையும் அவர் உடம்பு மறந்துவிட்டது.

அதனால், ஐம்பது வயதில் சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் என்னையே பாக்குறாங்க மலரு."

"பாத்துட்டுப் போறாங்கண்ணே. அம்மை ஊசி போடாம உன்னை விடமாட்டேன்."

பக்கத்தில் இருந்த இளம் தாய் பையில் எதையோ தேடினாள். "அண்ணா, இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?" என்று குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

குணசீலன் அசையாமல் இருந்தார். கொப்புளங்கள் வந்த பிறகு பேருந்தில்கூட யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"குணசீலன்!" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

"அடுத்தவங்களை முதல்ல போகச் சொல்லு மலரு," என்றார், குழந்தையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.