மெல்வின் சொன்ன அமெரிக்கா

“ஸ்பீக்கர்ல போடுளா, நானும் கேக்கணும்” என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள் பிளாரன்ஸ்.

மகள் டயானா செல்போனை அப்பா ஆன்றோவின் மடியில் வைத்தாள். மணப்பாட்டில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே நிறமாகிக் கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

டயானாவுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். அவள் அண்ணன் மெல்வின் முன்பு அப்பாவின் போட்டுக்குத் துணையாக இன்னொரு போட்டில் மீன்பிடிக்கப் போனவன்தான். இப்போது அமெரிக்கத் துறைமுகங்களில் கிரேன் பழுது பார்க்கிறான். ஓர் ஊரில் நிலையாக இருப்பதில்லை. அவன் சரி என்று சொன்னால் அனுப்பலாம் என்று ஆன்றோ சொல்லியிருந்தார்.

“ஏலே, அங்க நம்ம நெறத்தப் பாத்துக் கேவலமா நடத்துதாங்களாமே, நெசமா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள் பிளாரன்ஸ்.

“யாரும்மா சொன்னது?” மெல்வினின் குரல் தாலாட்டுப் போல இழுத்து இழுத்து வந்தது. “ஜார்ஜியாவுல கடைக்குப் போவேன். ஒருத்தரும் என் பின்னாலயே வரமாட்டாங்க. பையத் திறந்து காட்டுன்னு கேக்கமாட்டாங்க.”

“வேற ஊர்ல?”

“டெக்சாஸ்ல போலீஸ்காரங்க என் கார நிறுத்தினதே இல்ல. பாத்தாச் சிரிச்சுக் கையாட்டுவாங்க. பாஸ்டன்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். மூஞ்சியப் பாத்ததுமே சாவியக் குடுத்துட்டாங்க.”

பிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சியாட்டில்ல எப்பவும் மழை தூறும்மா. பஸ்ல நான் உக்காந்தா, பக்கத்துல வந்து உக்காருவாங்க. ‘நீ இங்கயே இருந்துரு தம்பி’ம்பாங்க.”

திருச்செந்தூரைத் தாண்டிப் போகாத பிளாரன்ஸ், அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தே விட்டாள். முகத்தில் சாரல் அடிப்பது போல இருந்தது அவளுக்கு.

“நீ எப்படிலே இருக்க?”

“சந்தோஷமா இருக்கேம்மா. தங்கச்சியப் பயப்படாம அனுப்பி வைங்க.”

பேச்சு முடிந்தது. பிளாரன்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. “மாதாவே, என்ன நல்ல சனங்க. ஆனி மதினிகிட்டச் சொல்லிட்டு வாரேன்” என்று செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

ஆன்றோ அசையவில்லை. அணைந்த போன் இன்னும் அவர் மடியிலேயே கிடந்தது.

“அப்பா, அப்போ சரின்னு சொல்லிரட்டுமா?” என்றாள் டயானா.

அவள் குனிந்து பார்த்தாள். அப்பா அழுதுகொண்டிருந்தார்.

“ஏளா, அது ஒங்கண்ணன் அவன் போட்டுல இருந்து வயர்லெஸ்ல எங்கிட்டப் பேசுத குரலு. மீனு மொத்தமாக் கெடந்தா, ‘இங்கன ஒண்ணுமே இல்ல’ன்னு அந்தக் குரல்லதான் இழுப்பான். நான் திருப்பிப் போட்டுப் புரிஞ்சுக்கிடுவேன். இப்பவும் அவன் சொன்ன ஒவ்வொண்ணையும் திருப்பிப் போட்டுப் பாரு.”

டயானா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எதுக்குப்பா அப்படிப் பேசணும்?”

“கடல்ல மத்த போட்டுக்காரன் கேட்டுக்கிட்டு இருப்பான். இன்னைக்கு உங்கம்மா கேட்டுக்கிட்டு இருந்தா.”