இரவல் பிள்ளைகள்

"இந்தப் பிள்ளைங்கள எங்கேருந்து இரவல் வாங்கினீங்க?" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஊரில் பிறப்பே குறைந்து, வகுப்புகள் காலியாகிவிட்டதால் பள்ளியை மூடிவிடலாமா என்று பார்க்க வந்திருந்தார் அந்த அதிகாரி. வந்து பார்த்தால் ஒன்றாம் வகுப்பு நிரம்பி வழிகிறது. முக்கால்வாசி, வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்.

"இரவல் இல்ல சார். தினமும் வர்றாங்க. பதிவேட்டைப் பாருங்க."

"பதிவேடு உங்க கையில இருக்கிறதுதானேம்மா. மூடப்போற பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் ஒரு நாளைக்குக் கூட்டம் சேர்க்கிறாங்க. மறுநாள் வந்தா வெறும் பெஞ்சுதான் இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வார்டு கவுன்சிலர் நுழைந்தார். வந்தவனெல்லாம் வெளியே போ என்று பேசியே தேர்தலில் ஜெயித்தவர். ஊரில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர். பட்ட காலிலேயே படும் என்று நொந்துகொண்டார் தலைமையாசிரியை.

"சார், நல்ல வேளை வந்தீங்க. வருஷம் பூரா இதே கூத்து. விடிஞ்சா போதும், வந்து உக்காந்துக்குதுங்க. நம்ம பாஷை தெரியாம வந்ததுங்க, இப்போ நம்மளையே திருத்துதுங்க. எங்க பிள்ளைங்களுக்கு ஏது சார் இடம்?"

"தினமும் வர்றாங்களா?"

"லீவு போட்டாத்தானே? கொட்டுற மழையிலகூட வருதுங்க. முதல்ல இந்தம்மாவை மாத்துங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "வேண்டாதவரே சாட்சி சொல்றார். இதுக்கு மேல என்ன வேணும்? பள்ளிக்கூடம் நடக்கட்டும்மா."

அவருடைய ஜீப் தெருமுனை திரும்பும்வரை தலைமையாசிரியை மேஜையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்பாடா என்று உட்கார்ந்தபோது, அதிகாரியை வழியனுப்பப் போன கவுன்சிலர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"சத்தம் போதுமா டீச்சர்?"

தலைமையாசிரியைக்குப் புரியவில்லை.

"கட்டடம் கட்டுற இடத்துக்கே போய், இதுங்கள உங்ககிட்ட சேர்க்கச் சொன்னதே நான்தான். வெளியே சொல்லிடாதீங்க. என் தெருவில ஒரு வீட்லகூடக் குழந்தை அழுற சத்தம் இல்ல. பள்ளிக்கூடமும் போச்சுன்னா அப்புறம் ஊர்னு என்ன மிச்சம்?"

"அப்போ மேடையில பேசுறதெல்லாம்?"

கவுன்சிலர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"காலமெல்லாம் அதைத்தான் பேசியிருக்கேன் டீச்சர். இன்னிக்குத்தான் அந்தப் பேச்சால ஒரு நல்லது நடந்திருக்கு."