மூன்றாவது முடிச்சு

"டேப்பை எங்க வெச்சு அளந்தீங்கம்மா? கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியிலயா, உள்ளயா?"

"வெளியில சார். நாப்பது சென்டிமீட்டர். உங்க கார்டு தாராளமா உட்காரும்ல?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. மூடியைக் கழட்டுங்க. பின்பக்கத் தகடுல ஆரம்பிச்சு, ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் அளங்க. கார்டுக்கு அந்த இடம்தான். வீடு பெருசா இருந்து என்ன பண்றது, கட்டில் போடற ரூம் சின்னதா இருந்தா?"

எதிர்முனையில் அந்தப் பெண் சிரித்தாள். பாஸ்கரனுக்குத் தன் பேச்சுக்கு ஒருவர் சிரித்துக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

பட்டாபிராமில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் ஒற்றை அறை. விருப்ப ஓய்வுக்குப் பிறகு, பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கிச் சீர்செய்து இணையத்தில் விற்றுவந்தார். இந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கும் புது ஃபேன் மாட்டி, அதன் வயரை அடக்கிக் கட்டி, போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் போட்டிருந்தார். பெயர் போடவில்லை, நம்பர் மட்டும்தான்.

மற்றவர்கள் "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை அழைத்த இந்தப் பெண் மட்டும், பேசி முடிக்கும்போது, "சாப்டீங்களா சார்?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகவே பாஸ்கரன் ஒரு தந்திரம் செய்தார். ஒரு கார்டு பொருந்துமா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். அவர் அதை நான்கு நாளாக நீட்டினார். திங்களன்று நீளம். செவ்வாயன்று கார்டைச் செருகும் ஸ்லாட். புதனன்று கம்ப்யூட்டரை ஆன் செய்து மதர்போர்டின் பெயரைப் பார்க்கச் சொன்னார்.

"இங்க கரண்ட் இல்ல சார்."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க? தினமும் கட் பண்றானா?"

"ஆமா சார், ஒரே தொல்லை."

வியாழக்கிழமை மாலை இட்லிப் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தான் பக்கத்து அறை சரவணக்குமார்.

"இன்னா நைனா, நாலு நாளா போனும் கையுமா கீறே? எங்கனா பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?"

"கஸ்டமர்டா. போய் வேலையப் பாரு."

"கஸ்டமருக்கா தலையெல்லாம் சீவிக்கினு குந்திகினு கீறே?"

பொட்டலத்தை வைத்துவிட்டு அவன் சிரித்துக்கொண்டே போனதும் போன் அடித்தது. இனிக் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது.

"எஸ்.எம்.பி.எஸ். இருக்குல்ல, கரண்ட் குடுக்கற டப்பா, அதுல எத்தனை வாட்ஸ்னு போட்டிருக்கு?"

"நானூத்தி அம்பது."

"அது போதும். ஆனா கார்டு பசிக்காரன். ஸ்லாட் குடுக்கற கரண்ட் அவனுக்குப் பத்தாது. தனியா ஆறு பின் வயர் ஒண்ணு வேணும். அந்த வயர்க்கட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க."

போட்டோ வந்தது. பாஸ்கரன் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

வயர்கள் எல்லாம் ஒரே கற்றையாக, மெழுகு தடவிய கறுப்பு நூலால் கட்டப்பட்டிருந்தன. ஸ்கேல் வைத்ததுபோல் அங்குலத்துக்கு ஒரு முடிச்சு.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இதை... யாரும்மா கட்டினது?"

"எங்கப்பா. ஆவடி ஃபேக்டரியில ராணுவ டேங்க்குக்கு வயர் கட்டுற வேலை. டேங்க் குலுங்குற குலுக்கல்ல வயர் உரசித் தேஞ்சிடக் கூடாதுன்னு இப்படித்தான் கட்டுவாங்களாம். மேஜையில சும்மா கிடக்கற கம்ப்யூட்டருக்கும் அதே கட்டு!"

"இப்ப அவரு?"

"நான் ஏழாவது படிக்கும்போது அம்மாகூட சண்டை போட்டுட்டுக் கிளம்பினாரு. போனவர்தான்."

அந்த முடிச்சுகளைப் போட்டவை, இப்போது போனைப் பிடித்திருந்த அதே விரல்கள்தான். வீட்டை விட்டு வந்து பன்னிரண்டு வருடம். சென்ட்ரலுக்குப் போகும்போதெல்லாம், திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வந்தால் எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பாஸ்கரன். இறங்கி நடந்தால் பத்தாவது நிமிடம் வீடு. எந்த முகத்தோடு இறங்குவது? மகள் சௌம்யாவின் குரல் இப்படி மாறியிருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

நான் யார் என்று சொன்னால் இந்த நிமிடமே வைத்துவிடுவாள். பொருந்தாது என்று பொய் சொன்னால், வேறு கார்டு கேட்டு நாளைக்கும் அழைப்பாள். பொருந்தும் என்றால், கூரியரில் அனுப்பிவிட்டு அத்தோடு முடிந்தது.

இவளிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

"பொருந்தும்மா. மூணாவது முடிச்சுக்குக் கீழ பாருங்க. ஆறு பின் வயரை மடிச்சு உள்ள வெச்சிருக்கு. பின்னால ஒருநாள் தேவைப்படும்னு வெச்சிருப்பாரு. அந்த ஒரு முடிச்சை மட்டும் பிளேடால வெட்டுங்க."

"ஒண்ணை வெட்டினா எல்லாம் அவுந்துடாதா?"

"அவுழாது. ஒவ்வொண்ணும் தனித்தனியா இறுகி நிக்கும். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கணும், அதுக்குத்தான் அந்தக் கட்டு."



"நான் வெட்ட மாட்டேன் சார்."

போன் துண்டிக்கப்பட்டது. சாப்டீங்களா என்று இன்று கேட்கவில்லை. இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ஒரு ரயில் போனது; ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

போன் ஒருமுறை ஒலித்தது. அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவருடைய விளம்பரப் படமேதான். கார்டின் ஃபேன் வயரில் கறுப்பு நூலால் அவர் போட்டிருந்த மூன்று சின்ன முடிச்சுகளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

கீழே எழுதியிருந்தாள்: "இதைப் பாத்துட்டுதான் போன் பண்ணேன். நம்ம வீட்டு கம்ப்யூட்டர் ஓடியே நாலு வருஷம் ஆச்சு, அப்பா."