மறுப்பு இருந்தால் சொல்லலாம்

ஞாயிறு மதியம், பட்டறையின் தகரக் கூரை கொதிக்கிறது. அமெச்சூர் ரேடியோ சங்கத் தலைவரின் குரல் ரேடியோப் பெட்டியில் கரகரக்கிறது: "மலைமேல நிக்கிற ரிப்பீட்டர் கோபுரத்த மூடிடப் போறோம். மறுப்பிருந்தா எல்லாரும் இப்பவே சொல்லுங்க." அந்தக் கோபுரத்துக்கான இரும்பைத் தோளில் சுமந்து மலையேறியவர் இந்தப் பட்டறையின் வெல்டர். குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் அந்தக் கோபுரம் போனால் மலைக்கு அந்தப்புறம் இருக்கும் தம்பியின் குரல் இங்கே எட்டாது. "வேண்டாம் தலைவரே!" என்று மைக்கின் பொத்தானை அழுத்திக் கத்துகிறார். அதே நேரம் ஊரூராக உறுப்பினர்களும் அழுத்துகிறார்கள். ஒரே அலைவரிசையில் பல குரல்கள் மோதி, வெறும் கீச்சொலிதான் கிளம்புகிறது. "மறுப்பு எதுவும் காதுல விழல. தீர்மானம் நிறைவேறிடுச்சு" என்கிறார் தலைவர். தேநீரோடு வந்த மனைவி கேட்கிறாள்: "ஏங்க, எல்லாரும் ஒண்ணாக் கத்துனா கேக்காதுன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாதா?" வெல்டர் மைக்கை மெல்லக் கீழே வைக்கிறார். "தெரிஞ்சுதான் எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிடறாரு."