ஷூவில் மண் இல்லை

“ஷூவைத் தூக்குங்க!”

பாதயாத்திரை விடுதியின் வார்டனம்மா யாரையும் முகம் பார்த்து வரவேற்பதில்லை. முதல் மரியாதை ஷூவுக்குத்தான்.

முந்தின விடுதியிலிருந்து இங்கே வர இருபத்திரண்டு கிலோமீட்டர். பாதி வழி செம்மண் சேறு. நடந்து வந்தவர்கள் ஷூவின் அடியில் அது பிசின் மாதிரி அப்பியிருக்கும். பஸ்ஸில் வந்தவர்களுக்கு இருக்காது. மண் இருந்தால் யாத்திரைப் புத்தகத்தில் சீல், மாடியில் கட்டில். இல்லாவிட்டால் வாசல்.

நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார் ஜிம் மாஸ்டர். ‘தண்ணி வேணும்’ என்பதைக்கூட ஊரையே வரிசையில் நிறுத்துகிற குரலில்தான் சொல்வார்.

“குட் ஈவ்னிங் மேடம்! லெஃப்ட் ஷூ! ரைட் ஷூ!”

அரைக் கிலோ மண் தொப்பென்று தரையில் விழுந்தது.

“ஆகா! இதுல தோட்டமே போடலாம்” என்று சீல் அடித்தார் வார்டனம்மா. டொப்!

அடுத்து அவருடைய கூட்டாளி, தொப்பிக்காரர். மாஸ்டர் எதைச் சொன்னாலும் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்வதுதான் அவர் வேலை. அவருக்கும் டொப்!

கடைசியில் வந்தார் மஞ்சக்குடை அம்மா. வயது அறுபத்தெட்டு. துணைக்கு யாருமில்லை, குடைதான் கைத்தடி.

“தொழில் என்னம்மா?”

“பள்ளிக்கூடத்துல ஆயா. ரிட்டயர் ஆயிட்டேன்.”

“ஷூவைத் தூக்குங்க.”

தூக்கினார். வார்டனம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஏழாம் நம்பர். கம்பெனி பேரு வரைக்கும் பளிச்சுனு படிக்க முடியுதே! மண்ணு எங்கம்மா?”

“கழுவிட்டேம்மா.”

ஜிம் மாஸ்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “மேடம்! நாங்க வர்றப்பவே இவங்க வெளியில பெஞ்சுல ஜம்முனு உட்கார்ந்திருந்தாங்க! எனக்கு முன்னாடி எப்படி வர முடியும்?”

“வர முடியும்?” என்றார் தொப்பிக்காரர்.

“நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன் தம்பி.”

“எந்த பஸ்ல ஆன்ட்டி?”

கூடமே சிரித்தது. வார்டனம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏம்மா, நடந்து வந்ததுக்குச் சாட்சியே அந்த மண்ணுதான். சாட்சியை யாராவது குளிப்பாட்டி அனுப்புவாங்களா? வயசானவங்கன்னு பார்க்கிறேன். சீல் அடிக்க முடியாது.”

மஞ்சக்குடை அம்மா புத்தகத்தை விரித்தார்.

“பதினெட்டு கட்டத்துல சீல் இருக்கும்மா. இன்னிக்கு இது, நாளைக்கு மலை உச்சி. அவ்வளவுதான். நடுவுல ஒண்ணு விட்டுப்போனாலும் உச்சியில நடந்து முடிச்சவங்க பட்டியல்ல பேரு எழுத மாட்டாங்களாம். எம் பொண்ணு நாளைக்கு அங்க வந்து நிக்கிறா. ‘தெருமுனைக் கடைக்குப் போனாலே உனக்கு மூச்சு வாங்கும், நீயாவது நடக்கறதாவது’ன்னு சொன்னவ.”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. வேணும்னா திரும்பிப் போயி நடந்து வாங்க.”

“சரிம்மா.”

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, சண்டை போடவில்லை. புத்தகத்தை வைக்கப் பையைத் திறந்தார். அவர் நிஜமாகவே திரும்பி நடக்கப் போகிறார் என்று புரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

பையிலிருந்து ஏதோ நழுவி உருண்டு, வார்டனம்மாவின் காலடியில் வந்து நின்றது.

பல் விளக்குகிற பிரஷ். பிடி வெள்ளை. நார் முழுக்கச் செம்மண்.

வார்டனம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தார். அதைக் கையில் பிடித்தபடியே கொல்லைப்பக்கம் போனார். குழாயடியில் ஒரு முறம் செம்மண், யார் காலிலும் படாதபடி ஓரமாக ஒதுக்கிக் குவிக்கப்பட்டிருந்தது.

திரும்பி வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சக்குடை அம்மாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார்.

டொப்!

“என்னை மன்னிச்சிருங்கம்மா.” அந்த அதட்டல் குரல் போன இடம் தெரியவில்லை. “ஆனா இவ்வளவு தூரம் நடந்துட்டு, பல்லு விளக்கற பிரஷ்ஷால உட்கார்ந்து ஷூவைத் தேய்ச்சிருக்கீங்களே... எதுக்கும்மா?”

இதை இவ்வளவு நேரம் யாருமே கேட்கவில்லை.

மஞ்சக்குடை அம்மா தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து மேஜை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகக் காலடிகள். மூலையில் துடைப்பான், வாளி.

“காலையில கட்டில் இருக்கான்னு கேட்டு போன் பண்ணேன்ல? ‘கட்டில் கிடக்குது, வர்றவங்க கொட்டுற மண்ணைத் தினமும் துடைச்சுத் துடைச்சு என் முட்டியே போச்சு’ன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”



மூலையில் வாளி நகர்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே, முதல்முறையாக மெதுவாக, ஜிம் மாஸ்டரின் குரல்:

“லெஃப்ட்டுல நான் துடைக்கிறேன். ரைட்டுல நீ துடை.”