மூன்றாம் காட்சிக் கடிதம்

"என் மேக்கப் மேஜை மேல ஒரு காகிதம் இருந்துச்சே, எங்கண்ணே?" வில்லன் நடிகன் பதறினான். மேடையில் கத்தியை உருவுவான்; உள்ளே வந்ததும் காதல் நாவல் எழுதுவான்.

மேடைச் சாமான்களைக் கவனிப்பவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மூணாவது காட்சிக் கடிதம் தொலைஞ்சுபோச்சு தம்பி. உங்க காகிதத்தைத்தான் மடிச்சுக் கதாநாயகி கையில கொடுத்தேன். உங்க கதையில ஒரு பக்கம் போனா என்ன?"

வில்லன் திரையோரம் ஓடினான்.

மேடையில் அவள் கடிதத்தைப் பிரித்தாள். நாடகத்தில் வரும் அப்பா இறந்த செய்தியை மனப்பாடமாகச் சொன்னாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுதாள்.

திரை விழுந்ததும் நேராக அவனிடம் வந்தாள். "இது உங்க நாவலா?"

"ஆ... ஆமா. கடைசி அத்தியாயம்."

"நாவலுக்குள்ள எங்கம்மா மூட்டுவலி எப்படி வந்துச்சு? அவங்க படியேற வேணாம்னு கீழ்வீடா பாத்து வெச்சிருக்கீங்களாமே?"

அரங்கத்தையே மிரட்டுபவன் ஒட்டுமீசையைப் பிய்க்கத் தொடங்கினான்.

"கதையில எத்தனை ஜோடியைச் சேத்து வெச்சீங்க! இதை நேர்ல கேக்க வாய் வரலையா?" கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். "நாளைக்கு மேடைக்கு வேற காகிதம் எடுத்துவைக்கச் சொல்லுங்க. இது எனக்கு வந்தது. வீட்டை எப்பப் பாக்கப் போலாம்?"

வில்லனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.