ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது

மினசோட்டாவின் வடகோடிச் சிற்றூர் ஒன்றில் ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்டும் லினக்ஸ் சர்வர் அந்த மாதம் இரண்டு முறை காரணமில்லாமல் படுத்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்கவே அதற்குள் ஒரு சேவை நிரல் உண்டு. சர்வர் செத்தவுடன் உள்ளே ஒரு குட்டி சர்வர் கண்விழிக்கும். செத்ததன் நினைவு முழுவதையும் நகலெடுக்கும். முடித்ததும் தானும் அணைந்துபோகும். அந்தச் சேவைதான் காலையிலிருந்து கிளம்ப மறுத்தது.

"என்ன டாக்டரே, உங்க நோயாளி எழுந்தாச்சா?" என்றாள் அழைப்புகளை ஏற்கும் ஆர்லீஸ்.

"என் பொண்ணே ஸ்கூலுக்கு இதைவிட சீக்கிரம் கிளம்புவா" என்றான் சர்வரைப் பராமரிக்கும் வெண்டெல். மாற்று சர்வர் ஏற்றிய லாரி பனிப்புயலில் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல், அனுபவசாலிகள் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தான். பிழைச்செய்தியைக் கடைசிவரை படித்தான்.

சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் மறுபடி கிளப்ப முடியாது என்றிருந்தது. பெரிய சர்வர் செவ்வாய்க்கிழமையே செத்திருந்தது. இன்று வெள்ளி. இத்தனை நாளும் வண்டிகளை அனுப்பியது அந்தக் குட்டிதான். அதற்கு அந்த வேலை தெரிந்திருக்க நியாயமே இல்லை.

நகல் தொண்ணூற்றொன்பது சதவீதம் முடிந்திருந்தது. முழுதாக முடிந்தால் அதுவும் அணைந்துவிடும்.

"அழாதீங்கம்மா" என்று ஆர்லீஸ் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "குழந்தையை மடியிலயே வெச்சுக்குங்க. வண்டி கிளம்பிடுச்சு, நாங்க வழி சொல்லிட்டேதான் இருக்கோம்."

வெண்டெல் இயந்திரத்தின் சூடான முதுகில் கை வைத்தான்.

"மெதுவா நகல் எழுதுப்பா" என்றான். "ஒரு அவசரமும் இல்ல."

கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு திரையில் தொண்ணூற்றெட்டு என்று வந்தது.